பழைய துப்பாக்கியும் சிறிய துருக்குழியும்

ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த ஆயுதச் சட்டம் 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்று, அந்த எண்ணிக்கை இரண்டாகக் குறைக்கப்பட்டதன் பின்னர், பழைய ஜமீன் குடும்பங்களிலும் மலைத்தோட்டத்துப் பங்களாக்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பீரோவுக்குள் உறங்கிக் கிடந்த இங்கிலாந்து தேசத்து இரட்டைக்குழல் துப்பாக்கிகள் சில, உடையவர் மனம் ஒப்பியோ ஒப்பாமலோ, கை மாறத் தொடங்கியிருக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை என்பது இந்நாட்டில் முடிந்துபோன கதை. அது முடிந்ததில் எனக்கு யாதொரு வருத்தமும் இல்லை. ஆயினும் களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் டிராப், ஸ்கீட் பந்தயங்களில் பிரியமுள்ளவர்களும், பாட்டனார் வைத்திருந்ததைப் போன்ற ஒன்று தம்மிடமும் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும், நல்ல கைவேலையைக் கண்டால் மனம் இளகிவிடும் சுபாவமுள்ள சிலரும் இன்றும் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். சாதாரண உரிமதாரருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கியின் இறக்குமதி 1980-களிலிருந்தே ஏறக்குறைய அடைபட்டுப் போனதால், இங்கே ஏற்கெனவே இருப்பவற்றுக்குத்தான் கிராக்கி. கிராக்கி உள்ள இடத்தில் பூச்சு வேலைக்கும் குறைவிராது.

வாங்க வருகிறவர் செய்யும் முதற்காரியம், முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே பிரித்தெடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பது. உட்சுவரில் மிளகை நுணுக்கித் தூவினாற்போலச் சில கரும்புள்ளிகள் தென்பட்டால் உடனே முகம் சுருங்கிவிடுகிறது. “உள்ளே துரு அரிச்சிருக்கு, வேண்டாம்” என்று கீழே வைத்துவிடுகிறார். வேறோர் இடத்தில், உள்ளும் புறமும் பளபளவென்று மின்னும் குழலைக் கண்டதும், கேட்ட விலையைக் கொடுத்து மனநிறைவோடு வாங்கிச் செல்கிறார். ஒதுக்கியது உத்தமமான துப்பாக்கியாகவும், வாங்கியது கைக்கு ஆபத்தானதாகவும் இருக்க இடமுண்டு என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுவார் அங்கே ஒருவரும் இல்லை. சிறிய துருக்குழி ஒரு தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை அடியோடு போக்கிவிட வேண்டும் என்று மனிதர் செய்கிற சிகிச்சையோ அதனினும் பெரிய தோஷம் என்பதும், கண்ணுக்குத் தெரியும் குழியைவிடக் கண்ணுக்குத் தெரியாத சுவரின் கனமே கிரயத்தை நிர்ணயிக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

இத்துப்பாக்கிகளின் பூர்வோத்தரத்தைச் சற்றே நினைவுகூர்வது அவசியம். லண்டனில் பர்டி, ஹாலண்டு அண்டு ஹாலண்டு, பாஸ் போன்றவர்களும், பர்மிங்ஹாமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், கிரீனர், வெப்லி முதலியவர்களும் செய்தவை நம் நாட்டுக்குக் கப்பலேறி வந்தன. கல்கத்தாவில் மாண்டன் கம்பெனி விற்றது. மதராஸ் மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கும் வைரத்துக்கும் பெயர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையும் தன் பெயரைப் பொறித்துத் துப்பாக்கி விற்றதுண்டு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் ஆன்சன், டீலி என்னும் இருவர் 1875-ஆம் ஆண்டில் குதிரையை உள்ளே மறைத்து அமைத்த பூட்டு முறை, இன்றைக்கும் உலகெங்கும் பின்பற்றப்படும் அளவுக்கு எளிமையும் உறுதியும் கொண்டது. இவ்வளவு யோக்கியதை வாய்ந்த பொருளைச் சில புள்ளிகளைக் கண்டு தள்ளிவிடுவது நியாயமா என்பதை அறிய, அப்புள்ளிகள் எவ்வாறு உண்டாயின என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் என்னும் பொருளைச் சேர்த்திருந்தார்கள். சுட்டவுடன் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலின் உட்சுவரில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். சமையல் உப்பின் இனத்தைச் சேர்ந்த அந்த உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, எஃகை இராப்பொழுதுக்குள்ளாகவே அரிக்கத் தொடங்கும். அதில் ஒரு விபரீதம் என்னவெனில், அது எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். ஆகவே, விவரமறிந்தவர்கள் அந்நாளில் மாலையானதும் கெண்டி கெண்டியாக வெந்நீரைக் குழலினுள் ஊற்றி, ஈரம் அறவே போகத் துடைத்து உலர்த்திய பிறகே எண்ணெய் பூசினார்கள். விவரமறியாதவர்களோ, நீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று அஞ்சி எண்ணெயை மட்டும் பூசி, உப்பை அதன் அடியில் பத்திரமாகப் பாதுகாத்து வைத்தார்கள். இன்று நாம் காணும் கரும்புள்ளிகளில் பெரும்பகுதி, சோம்பேறிகளின் கைங்கரியமன்று. சிரத்தையாகத் துடைத்து வைத்தவர்களின் கைங்கரியம்.

நம் சீதோஷ்ணமும் நம் வழக்கங்களும் சேர்த்த பங்கும் உண்டு. கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றையும், நீலகிரியின் மழைக்கால மூடுபனியையும் யாரும் தவிர்க்க இயலாது. ஆனால் தோலுறையிலும் கம்பளி உறையிலும் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதைத் தவிர்க்கலாம். உறை ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு எஃகுக்குச் சிறிது சிறிதாக ஊட்டிக்கொண்டிருக்கும். கைக்கு எட்டியது தேங்காயெண்ணெய் என்று அதைத் தடவி வைப்பதும் தவிர்க்கத்தக்கதே. நாளடைவில் அது சிக்கேறிப் பிசுபிசுத்து, பூட்டின் நுண்ணிய உறுப்புகளையும் இறுக்கிவிடும். ஆயுத பூஜையன்று குழலின்மீது வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மறுநாள் துடைக்க மறந்துபோன வீட்டுத் துப்பாக்கியைப் பார்த்தால், பொட்டு இருந்த இடங்களிலெல்லாம் வட்ட வட்டமாகத் துரு அரித்த சுவடு இருக்கும். பக்தியைக் குறைகூறவில்லை, மறுநாட்காலை ஒரு துணியை எடுத்துத் துடைத்தால் சரஸ்வதி தேவி கோபிக்கமாட்டாள் என்று மட்டும் சொல்லுகிறேன்.

இவை எல்லாவற்றையும்விட, தேர்தல் வந்தால் வருகிற துருவைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. தேர்தல் அறிவிப்பு வெளியானதும் உரிமதாரர்கள் தத்தம் துப்பாக்கிகளை ஒப்படைக்கவேண்டும் என்று நிர்வாகம் கேட்கிறது. பொது அமைதியை முன்னிட்ட அந்த ஏற்பாட்டை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஒப்படைத்த துப்பாக்கி, காற்றோட்டமில்லாத ஓர் அறையில், சுண்ணாம்புச் சுவரின்மீது சாய்த்து வைக்கப்பட்டு, கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டிக்கொண்டு, வாக்கு எண்ணிக்கை முடியும் வரையில் வாரக்கணக்கில் நிற்கிறது. சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில் நீளவாக்கில் செம்பழுப்புக் கோடு ஒன்று எழுந்திருப்பதைத் திரும்பப் பெறும்போதுதான் உடையவர் காண்கிறார். ஒரு மரச்சட்டமும், எண்ணெய்த் துணியும், வாரம் ஒருமுறை துடைக்க உடையவருக்கு அனுமதியும் இருந்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது.

இனி, கணக்குக்கு வருவோம். பன்னிரண்டு போர் துப்பாக்கியின் குழல், உட்புறத்தில் 0.729 அங்குல விட்டம் உடையது என்பது மரபு. அக்குழலின் சுவர், தோட்டா அமரும் அறையைச் சுற்றிக் கனமாகவும், முன்னே போகப் போக மெலிந்தும், நடுப்பகுதிக்கு அப்பால் மிகவும் மெல்லியதாகவும் இருக்கும். நல்ல துப்பாக்கி கையில் இலகுவாக நிற்பதன் ரகசியமும் அதுவே. மிக மெல்லிய இடத்தில் 0.020 அங்குலத்துக்குக் குறையலாகாது என்பது இங்கிலாந்துத் துப்பாக்கி வியாபாரிகளிடையே பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட வரம்பு. இப்போது ஒரு குழலின் மெல்லிய இடம் 0.028 அங்குலக் கனம் உள்ளது என்றும், அதில் 0.004 அங்குல ஆழமுள்ள துருக்குழி ஒன்று இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அக்குழியின் அடியில் மட்டும் சுவர் 0.024 அங்குலம்; சுற்றிலும் முழுக் கனம் அப்படியே நிற்கிறது. குண்டூசித் தலையளவு இடத்தில் நேர்ந்த அக்குறைவைச் சுற்றியுள்ள எஃகு தாங்கிக்கொள்ளும். ஆனால் ‘உள்ளே மெஷின் போட்டுச் சுத்தமாக்கித் தருகிறேன்’ என்று ஒருவர் சாணைக்கல்லைச் சுழலவிட்டு அந்தக் குழியை மறையச் செய்தால், என்ன நிகழ்கிறது? குழியின் அடிமட்டம் வரையில் சுவர் முழுவதையும் நாலாபக்கமும் தேய்த்து எடுத்தாலன்றிக் குழி மறையாது. அதாவது, ஓரிடத்தில் இருந்த பலவீனம் தேய்த்த நீளம் முழுவதற்கும் பொதுவாக்கப்படுகிறது, விட்டமும் 0.008 அங்குலம் பெருகி 0.737 ஆகிவிடுகிறது. அழுத்தத்தைத் தாங்குமா என்று சுட்டுச் சோதித்து 0.729 என்று முத்திரையிடப்பட்ட குழல் 0.010 அங்குலத்துக்கு மேல் அகன்றுவிட்டால், இங்கிலாந்தில் அதன் சோதனை முத்திரையே செல்லாததாகிவிடும். மறுபடி சோதனைக்கு அனுப்பாமல் விற்பது 1868-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் கடல் கடந்து வந்து நம்மை ஆள்வதில்லை. குழல் வெடிப்பதற்கான நியதியோ எல்லாத் தேசத்துக்கும் ஒன்றுதான்.

இவ்விதம் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு துப்பாக்கிகளை ஒரே மேஜையின்மீது வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இரண்டும் பர்மிங்ஹாமில் செய்தவை, இரண்டுக்கும் 0.729 என்ற முத்திரை. ஒன்றின் வலது குழலில், தோட்டா அறையைத் தாண்டி ஒரு சாண் தூரத்துக்குக் கரும்புள்ளிகள்; கறுப்பு மெருகு மங்கிப் பழுப்பேறியிருந்தது; கட்டையின் சித்திரக் கோடுகள் பல கைகள் பட்டு வழுவழுப்பாகிவிட்டன. அளந்தபோது உள்விட்டம் 0.732, மெல்லிய இடத்தில் சுவர் 0.029. மற்றொன்று உள்ளே மாசு மறுவின்றி மின்னிற்று. வெளியே கருநீல மெருகு புத்தம்புதிதாய் இருந்தது. அதன் உள்விட்டம் 0.741, இடது குழலின் ஓரிடத்தில் சுவர் 0.017. சுடுகிறவரின் இடது கைவிரல்கள் படிகிற இடத்துக்குச் சற்று முன்னால் அது. விலை கேட்டேன், மின்னுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சொன்னார்கள்.

வெளிப்புறத்துத் துருவிலும் இதே அநீதி நடக்கிறது. புள்ளி விழுந்த குழலை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, மேலே புதுக் கறுப்பு ஏற்றிவிடுகிறார்கள். சுவரின் கனம் வெளியிலிருந்தும் குறைகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டாம். இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டைமேல் செதுக்கப்பட்டிருக்கும் பட்டறைக்காரரின் பெயரையும் விலாசத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மூல எழுத்தானால் ஒவ்வொரு கோட்டின் விளிம்பும் கூர்மையாய் இருக்கும். தேய்த்ததானால் எழுத்து ஆழமிழந்து, மெல்லிய கோடுகள் அங்கங்கே அறுந்து, வழித்துவிட்டாற்போல் தோன்றும். பூக்கொடிச் செதுக்கல்களிலும், முத்திரைகளின் கிரீடத்திலும் இதே அடையாளத்தைக் காணலாம். பழைய எழுத்தின்மீது புது மெருகு ஏறியிருந்தால், அதற்கு அடியில் எவ்வளவு உலோகம் போயிற்று என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

அதனினும் கொடியது, அக்கறுப்பை ஏற்றும் முறை. இரட்டைக்குழல்களை இணைக்கும் பட்டைகள் ஈயப்பற்றினால் ஒட்டப்பட்டவை. இவற்றுக்கு உகந்தது, மெல்லத் துருவேறச் செய்து, கொதிநீரில் இட்டு, துலக்கி, மறுபடி மறுபடி அவ்வாறே செய்யும் பழைய முறை. அதற்குப் பல நாட்கள் பிடிக்கும். ஒற்றைக்குழல் துப்பாக்கிகளுக்குச் செய்வதுபோல் கொதிக்கும் காரக் குழம்பில் முக்கி எடுத்தால், அரைமணிக்குள் நீலம் ஏறிவிடும்; ஆனால் காரம் ஈயப்பற்றைத் தின்றுவிடும், பட்டைகளுக்கு அடியில் புகுந்த உப்பு அங்கேயே தங்கி, ஒருவர் கண்ணுக்கும் படாத இடத்தில் பல ஆண்டுகள் துருவை வளர்த்துக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு பரீட்சை உண்டு. குழல்களை அவற்றின் அடியிலுள்ள கொக்கியில் விரலால் தூக்கித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் மெல்லத் தட்டினால், பட்டைகள் உறுதியாய் இருக்குமானால் கணீரென்று நாதம் எழுந்து சிறிது நேரம் நின்று ஒலிக்கும். எங்கேனும் பிரிந்திருந்தால் மொத்தென்ற ஓசைதான் கேட்கும்.

உள்ளே பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. விற்கிறவர் தடவி வைத்திருக்கும் எண்ணெயின் வழியே பார்ப்பதில் பிரயோஜனமில்லை. எண்ணெய் சிறு குழிகளை நிரப்பி ஒளியை ஒழுங்குபடுத்திவிடும். வெண்கலக் கம்பித் துடைப்பானை நாலைந்து முறை விட்டெடுத்து, உலர்ந்த துணியால் துடைத்த பிறகு பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் நீளவாக்கில் தெரிவன ஈயக்கீற்றுகள். அவை துடைப்பானுக்குப் போய்விடும். போகாமல், தமக்கென்று ஒரு சிறு நிழலோடு நிற்பனவே குழிகள். ஜன்னல் சட்டத்தை நோக்கிக் குழலைப் பிடித்து மெல்லத் திருப்பினால், உள்ளே நிழல் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். வளையம் எங்கே கோணுகிறதோ அங்கே ஒரு நசுங்கலோ வீக்கமோ உண்டு. துருக்குழியைக் கண்டு துணுக்குறுகிறவர்கள் பலர் வீக்கத்தைக் கவனிப்பதில்லை. வீங்கிய குழல், ஒருமுறை தன் வரம்பைக் கடந்து அழுத்தத்தைத் தாங்கிய குழல்.

எல்லாக் குழிகளையும் மன்னித்துவிட வேண்டும் என்று யாரும் என்னைத் தவறாகக் கொள்ளவேண்டாம். தோட்டா அறைக்குள்ளேயே குழி விழுந்திருந்தால், சுட்ட தோட்டா அதில் உப்பிப் பதிந்து, வெளிவர மறுக்கும். அழுத்தம் உச்சத்தை எட்டும் இடமும் அதுவே. மெல்லிய பகுதியில் வெளியே ஒரு குழியும் அதற்கு நேர் உள்ளே ஒரு குழியும் அமைந்துவிட்டால், இரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் மிச்சத்தைச் சொல்லவேண்டும். இரும்பும் எஃகும் கீற்றுகளாக முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல்களின் விஷயமே வேறு. அவற்றின் கொடிக்கோலம் கண்ணைப் பறிக்கும் சௌந்தரியம் உடையதாயினும், துரு பற்றவைத்த மூட்டின் வழியே உள்ளே ஊர்ந்து செல்லக்கூடும் ஆதலால், புகையில்லா வெடிமருந்துக்கான சோதனை முத்திரையும் நிபுணரின் சம்மதமும் இன்றி அவற்றில் இக்காலத் தோட்டாவை இடவே கூடாது. பழைய எஃகுக் குழல்களில்கூட, தோட்டா அறை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர் நீளமே உடையது. 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே அமர்ந்துவிடுகிறது என்பதனாலேயே அது பொருந்திவிட்டதாகாது, சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறிவிடும். முன்பகுதியிலோ நடுவிலோ ஆழமற்ற சில புள்ளிகளால் ரவைகள் சிதறும் ஒழுங்கு கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு மட்டும் ஆதாரமில்லை. இக்காலத்துத் தோட்டாக்கள் பலவற்றில் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று ரவைகளைச் சூழ்ந்துகொண்டு செல்லுகிறது.

ஆகையால், பார்வையை மட்டும் நம்பி விலை பேசுவதை விட்டொழிக்க வேண்டும். உள்விட்டத்தை அளக்க ஒரு கருவி, சுவரின் கனத்தை அளக்க நீண்ட தண்டின்மேல் டயல் கேஜ் பொருத்திய ஒரு கருவி, இவ்விரண்டும் போதும். இவை கிடைத்தற்கரிய பொருள்களல்ல. கோயம்புத்தூரில் பம்புக்கும் மோட்டாருக்கும் நுட்பமாகத் தண்டு கடைந்து தரும் பட்டறைகளில் வரைபடத்தைக் கொடுத்தால் செய்து தருவார்கள். இருந்தும், அனுபவமுள்ள கடைக்காரர்கள் சிலர்கூட, ‘கண்ணால் பார்த்தாலே தெரியும் சார்’ என்று சொல்லி அளவு கேட்பவரை அசட்டை செய்கிறார்கள். 0.029-க்கும் 0.017-க்கும் உள்ள வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

காலம் போதவில்லை என்ற சாக்குக்கும் இடமில்லை. தம் சொந்த உபயோகத்துக்கான துப்பாக்கியை உரிமமுள்ள இன்னொருவருக்கு விற்க விரும்புகிறவர், மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்னரே விற்கலாம் என்று ஆயுதச் சட்டமே விதித்திருக்கிறது. அந்த நாட்களில் ஒரு பகற்பொழுதை ஒதுக்கி, உடையவரே தம் உரிமத்தோடும் துப்பாக்கியோடும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் சென்று, இரு தரப்பார் முன்னிலையிலும் அளந்துவிடலாம். குழி இருப்பதற்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள், அது நியாயம். சுவர் கனமாக இருப்பதற்காகச் சற்றே கூட்டியும் கொடுங்கள், அதுவும் நியாயம். வாங்கிய பிறகு அக்குழிகளைத் தேய்க்கக் கொடுக்காதீர்கள். வெந்நீரும் உலர்ந்த துணியும் நல்ல எண்ணெயும் போதும். விற்பனைச் சீட்டில் துப்பாக்கியின் எண்ணுக்குக் கீழே, இரு குழல்களின் உள்விட்டத்தையும், அவற்றின் மிக மெல்லிய இடத்துக் கனத்தையும் கடைக்காரர் தம் கையெழுத்தில் எழுதித் தரவேண்டும். எழுதித் தர மறுக்கிறவரிடம் எவ்வளவு மின்னுகிற துப்பாக்கி இருந்தாலும், பணத்தை எடுக்காமல் திரும்பி வாருங்கள்.